முன்வரிசைக்காரன்

கணினியில் விளையாடும் சண்டைக் கதைகளில் நான் ஒரு பெரிய தளபதி. வேறு யாரும் சொல்ல முன்வராதபடியால் இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது. குறிஞ்சிப்பிட்டியில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ஜப்பார் சம்மாட்டியின் மூத்த மருமகன். தெரியாதவர்களுக்குக் கல்பிட்டி ரோட்டில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் அந்த மெலிந்த ஆள். அஸ்மின் என்ற பெயர் என் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

முதலில் அந்த விளையாட்டை விளக்கிவிடுகிறேன். சுடுவது, ஓடுவது, கார் ஓட்டுவது எல்லாம் அதில் இல்லை. ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டத்தை நாமே உருவாக்கி, காடு, குகை, பாழடைந்த கோட்டை என்று நடத்திக்கொண்டு போகவேண்டும். வாள் பிடிப்பவன், வில் எய்பவள், காயத்துக்கு மருந்து போடுபவள், பூட்டுத் திறக்கிற கள்ளன், மந்திரம் போடுகிறவன் என்று ஆளுக்கொரு வேலை. எதிரி வந்தால் சண்டை முறை வைத்து நடக்கும். அவர்கள் ஒரு அடி, பிறகு நாங்கள் ஒரு அடி. என் முறை வரும்போது நான் அரை மணித்தியாலம் யோசித்தாலும் எதிரி ஓங்கிய கையோடு பொறுமையாக நிற்பான். எனக்கு அதில் பிடித்ததே அந்தப் பொறுமைதான். வெளியில் யாராவது என்னைக் குத்திப் பேசினால், அதற்கேற்ற பதில் எனக்கு மூன்றாம் நாள் குளிக்கும்போதுதான் வரும்.

இந்தச் சண்டைகளில் யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் முக்கியம். மந்திரக்காரனும் மருந்துக்காரியும் பின்வரிசை. அவர்கள் மேல் இரண்டு அடி விழுந்தால் கதை முடிந்தது. அதனால் முன்வரிசையில் ஒரு தடியனை நிறுத்தவேண்டும். அவனுக்கு இரும்புச் சட்டை, பெரிய கேடயம், ஏராளமான உயிர்ப்புள்ளிகள். அதைவிட முக்கியமாக, அவனுக்குச் சீண்டல் என்றொரு வித்தை தெரிந்திருக்கவேண்டும். அவன் எதிரிகளைப் பார்த்துக் கேவலமாக எதையாவது கத்துவான். உடனே அவர்கள் எல்லோரும் மற்றவர்களை விட்டுவிட்டு அவன் மேல் பாய்வார்கள். அந்த நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்வார்கள். அடி அவனுக்கு, வெற்றி எல்லோருக்கும்.

சீண்டலைப் பற்றி நான் இன்டர்நெட்டில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வழிகாட்டி எழுதியிருக்கிறேன். சீண்டுகிறவனை எப்படி அடையாளம் காண்பது, எந்த நேரத்தில் அவன் வாயைத் திறக்கவேண்டும், எதிரி அவன் பக்கம் திரும்பியதும் மற்றவர்கள் என்ன செய்யவேண்டும் என்று நாற்பத்தொரு பக்கம். நோர்வேயிலிருந்து ஒருவன் நன்றி தெரிவித்து எழுதியிருந்தான். அதை அக்கீலாவிடம் வாசித்துக் காட்டினேன். அக்கீலா என் மனைவி.

"நல்லம். அந்த நன்றிய வச்சித் தேங்கா துருவ ஏலுமெண்டா குசினிக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்கவேண்டும். நான் மன்னாரில் பிறந்தவன். தொண்ணூறில் இயக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்களையெல்லாம் ஊரை விட்டு வெளியேற்றியபோது எனக்கு ஏழு வயது. ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் அக்கீலாவைக் கலியாணம் முடித்து, ஒரு பயணப் பையும் ஒரு கணினியுமாக ஜப்பார் சம்மாட்டியின் வீட்டுக்குள் நுழைந்தேன். முன் அறைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கணினியை வைத்தேன். பின்வரிசைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்த வீட்டில் இல்லை.

மாமா ஜப்பார் கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் தோணிக்கும் முதலாளி. கரையில் நின்று அவர் கூப்பிட்டால் வலை விடப் போன தோணியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலை அவர் வீட்டுக்குள்ளும் குறைக்கமாட்டார். புத்தளம் கரையோரத்தில் அவரைப் போல மரியாதை தெரியாத மனிதர் இல்லை என்று ஆறு வருடமாக நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

உதாரணம் சொல்கிறேன். பெருநாளைக்குச் சொந்தக்காரர்கள் வந்து முன் அறையில் கதிரைகளில் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மாப்பிள, மன்னார்ல உங்கட காணியெல்லாம் திருப்பிக் குடுக்காங்களாமே, நீங்க போகல்லயா?" என்று தொடங்குவார். அடுத்து கடையைப் பற்றிக் கேட்பார்கள், அதற்கடுத்து கலியாணத்துக்கு நான் என்ன கொண்டு வந்தேன் என்று. அது வரப்போகிறது என்று எனக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து மாமா கத்துவார். "இதென்ன தேத்தண்ணியா, மாடு கழுவின தண்ணியா? இந்த வீட்டுப் பொம்பளைகளுக்குக் கையில என்ன சீக்கு?" மாமியார் அழுவார். வந்தவர்கள் என்னை மறந்துவிட்டு அவரைப் பிடித்துக்கொள்வார்கள். வயதுக்கேற்ற நடத்தை இல்லை என்பார்கள், தொழுகிற வாயா இது என்பார்கள். அவர் இன்னும் இரண்டு சேர்த்துக் கத்துவார். நான் மெல்ல எழும்பி என் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சே, என்ன மனிதர் இவர் என்று தலையில் அடித்துக்கொண்டு கணினியைப் போடுவேன். பிறகு என் முன்வரிசைத் தடியனை வைத்துச் சீண்டல் செய்வேன்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? நான் நாற்பத்தொரு பக்கம் எழுதியவன்.

மாமாவின் தொண்டைக்குள் ஒரு கட்டி வந்தது. சிலாபத்தில் ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பதினாலு நாளைக்கு ஒரு சத்தமும் வரக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். மாமாவுக்கு ஒரு எழுதுகொப்பியும் பேனையும் வாங்கிக் கொடுத்தோம். பாடசாலையை நாலாம் வகுப்போடு விட்ட மனிதர், ஒரு வரி எழுத ஒரு பீடி குடிக்கிற நேரம் எடுப்பார். "உப்பு" என்று எழுதிக் காட்டுவதற்குள் சோறு ஆறிவிடும். வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு, உள்ளதைச் சொன்னால், பெரிய சந்தோஷம்.

அது நாலு நாள்கூட நிலைக்கவில்லை. லாபிர் நானா மாமாவைப் பார்க்க வந்தார். அவர் மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி, ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். ஊரில் எந்தச் சம்மந்தம் பேசினாலும் நடுவில் இருப்பார். சுகம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்படி மாப்பிள, கட ஓடுதா? போட்டோ கொப்பிக்கு இப்பயும் ஆக்கள் வாறாங்களா? உங்கட ஆக்களுக்கு அங்கால வீடு கட்டிக் குடுக்காங்களாம், நீங்க இன்னும் மாமனார்ட கூரைக்குக் கீழதான்."

நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு டொக்டரின் பேச்சு ஞாபகம் வந்திருக்கவேண்டும், வாயை மூடிக்கொண்டார். லாபிர் நானா நிறுத்தவில்லை. அரை மணித்தியாலம், ஆற அமர, என் கடை, என் உம்மா வாப்பா, என் மெலிந்த உடம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிவிட்டு, தேத்தண்ணி மிகவும் நன்றாக இருந்தது என்று சொல்லிப் போனார்.

நான் குசினிக்குப் போய் அக்கீலாவிடம் கேட்டேன். "ஒங்கட வாப்பா ஆக்கள் வந்தா சத்தம் போடுவாரே. அது..."

மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது?"

"அது என்னில யாரும் கை வைக்காம இரிக்கவா?"

"இப்பதான் வெளங்கிச்சா? ஆறு வருஷம்! உம்மாக்கும் தெரியும். அவ அழுறதும் அதுக்குத்தான், பாதி." கத்தியை என் பக்கம் நீட்டினாள். "அந்தப் பெட்டிக்கு முன்னால குந்திக் குந்தி என்னத்தத்தான் படிச்சீங்க?"

வெட்கத்தில் என் காது சூடாகிவிட்டது. அன்று விளையாட்டைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தத் தடியன் என்னைப் பார்த்துச் சிரிப்பான் போல் இருந்தது.

இனி ஹஃபீலாவின் விஷயம். அவள் அக்கீலாவின் தங்கை, வயது இருபத்திரண்டு. கட்டாரில் வேலை செய்யும் சரீப் என்ற பையனுக்கும் அவளுக்கும் போன வருடம் நிச்சயம் நடந்தது. மோதிரம் போட்டார்கள். பிறகு பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் பயிற்சிக்கு அவளை எடுத்துக் கடிதம் வந்தது. அவள் அதற்காக மூன்று வருடம் காத்திருந்தவள். கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் சுற்றிச் சுற்றி நடந்ததை நானே பார்த்தேன். சரீப் போனில், அதெல்லாம் வேண்டாம், பொம்பளை வீட்டில் இருந்தால் போதும் என்றான். அவள் யோசித்தாள், இரண்டு கிழமை அழுதாள், பிறகு மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, இந்தக் கலியாணம் வேண்டாம் என்று போனில் எழுதி அனுப்பினாள்.

எழுதி அனுப்பியதெல்லாம் பதிலாகாது என்றார் சரீபின் உம்மா கைருன்னிஸா. பெரியவர்களுக்கு முன்னால் பெண்ணை வைத்து, முறையாக ஒரு தரம் கேட்கவேண்டும் என்றார். நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. கலியாணத்துக்குச் சம்மதமா என்று கேட்கும்போது பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அது ஓம் என்று கணக்கு. ஹஃபீலாவோ பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்காதவள். போனில் எழுதும்போது சிங்கம். நேரில் யாராவது குரலை உயர்த்தினால் உதடு ஒட்டிப்போகும், கண் நிலத்தைப் பார்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது ஊருக்கே தெரியும்.

மாமா மகளின் பக்கம். அவருக்குக் குரல் இருந்திருந்தால் வந்தவர்களை வாசலிலேயே வைத்து அனுப்பியிருப்பார். லாபிர் நானாவுக்கு அதுவும் தெரியும். அதனால்தான் ஒப்பரேஷன் நடந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வருகிறோம் என்று ஆள் அனுப்பினார். எதிரியின் முன்வரிசை விழுந்துகிடக்கும்போது அடிக்கவேண்டும் என்று நான் பதினேழாம் பக்கத்தில் எழுதியதை அவர் வாசிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்.

வியாழக்கிழமை ஹஃபீலா என் கடைக்கு வந்தாள். பயிற்சிக் கடிதத்தை ஐந்து கொப்பி எடுக்கச் சொன்னாள். ஒன்று போதாதா என்றேன்.

"கிழிச்சாங்கெண்டா மறுகா ஒண்டு இரிக்கணுமே, மச்சான்" என்றாள். அழவில்லை. கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். "நாளைக்கு என்ட வாய் தொறக்காது. எனக்குத் தெரியும். எனக்கே என்னில கோவம் வருது."

எனக்கு அவள் மேல் பெரிய பரிவு வந்தது. பரிவு வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, நான் ஒரு ஏ நாலுத் தாள் எடுத்து வரைபடம் போட்டேன்.

முன் அறை, ஒரு வாசல், எட்டுக் கதிரை. கைருன்னிஸாவைச் சுழலாத மின்விசிறிக்குக் கீழே வைப்பது, வியர்த்தால் சீக்கிரம் எழும்புவார். லாபிர் நானாவுக்குக் கால் ஆடும் கதிரை. ஹஃபீலாவுக்குக் குசினிக் கதவுக்குப் பக்கம், பின்வாங்க வழி வேண்டுமே. அக்கீலாவுக்கு வில்காரியின் இடம், தூரத்திலிருந்து குறிபார்த்து எய்வாள். மாமியார் மருந்துக்காரி. எதிரியின் வேகத்தைக் குறைப்பதற்கு இனிமையாக ஏதாவது சாப்பிடக் கொடுப்பது என்று முடிவு செய்து, மாமியாரிடம் வட்டிலப்பம் செய்யச் சொன்னேன். எனக்கு நானே ஒரு இடம் குறித்திருந்தேன். அது என் அறைக் கதவுக்கு உள்பக்கம்.

அக்கீலா தாளை வாங்கிப் பார்த்தாள். "இதில நீங்க எங்க?"

காட்டினேன். அவள் தாளைத் திருப்பித் தந்துவிட்டுத் தேங்காய் துருவப் போனாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். கைருன்னிஸா, அவருடைய இரண்டு தங்கைகள், லாபிர் நானா. கைருன்னிஸா உள்ளே வந்ததும் நேராகப் போய் ஹஃபீலாவுக்கென்று நான் வைத்திருந்த கதிரையில் உட்கார்ந்தார். தங்கைகள் குசினிக் கதவை அடைத்தபடி உட்கார்ந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே இருந்த கதிரை எனக்கு மிஞ்சியது, ஏனென்றால் லாபிர் நானா, "வாங்க மாப்பிள, நீங்களும் வந்து இரிங்க, வீட்டு ஆம்பிள இல்லையா" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மாமா பக்கத்தில் மடியில் கொப்பியோடு இருந்தார். ஹஃபீலா எல்லோருக்கும் நடுவில், நிலத்தைப் பார்த்தபடி.

மாமியார் வட்டிலப்பம் கொண்டு வந்தார். கைருன்னிஸாவின் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! இனிப்பெல்லாம் செஞ்சி வச்சிரிக்கிறீங்க. புள்ளைட மனசு மாறிட்டெண்டு இதப் பார்த்தாலே வெளங்குதே!"

மாமியார் யாரையும் மறுத்துப் பேசிப் பழகாதவர். "இல்ல மதினி... ஓம் மதினி... சாப்பிடுங்க மதினி" என்றார். எங்கள் மருந்துக்காரி முதல் சுற்றிலேயே எதிரிக்கு மருந்து போட்டுவிட்டார். அக்கீலாவின் பார்வை என்னை வந்து குத்தியது, அந்த விஷயத்தில் அவள் குறி தப்பவில்லை.

"மாமி, தங்கச்சி மாறல்ல" என்று அக்கீலா தொடங்கினாள்.

"நீங்க கலியாணம் முடிச்ச புள்ள. தங்கச்சிட விசயத்தில நீங்க வாய் போடுறது வடிவில்ல" என்று தங்கைகளில் ஒருத்தி வெட்டினாள்.

மாமா கொப்பியில் பாடுபட்டு எழுதி, இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "வாணாம்" என்று இருந்தது. லாபிர் நானா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கண்ணாடி கொண்டு வரல்ல, நானா. பொறகு பாக்கிறன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மகள் ஹஃபீலா, இங்க கேளுங்க. சரீபுக்கும் உங்களுக்கும் பேசின சம்மந்தம் நடக்கட்டுமா எண்டு நான் மூணு தரம் கேப்பன். விருப்பமில்லாட்டி வாயத் தொறந்து செல்லுங்க. பேசாம இரிந்தா நாங்க சம்மதமெண்டு எடுப்பம். சம்மதமா மகள்?"

ஹஃபீலா வாயைத் திறக்கப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்தது. அதை வெட்கம் என்று கைருன்னிஸா தங்கைகளுக்குச் சாடை காட்டிச் சிரித்தார்.

"ரெண்டாந்தரம் கேக்கன். சம்மதமா மகள்?"

மாமா கொப்பியை நிலத்தில் எறிந்துவிட்டு எழும்பினார். வாயைத் திறந்தார். எனக்கு அவர் கழுத்தில் போட்டிருந்த பிளாஸ்டர்தான் தெரிந்தது. இந்த மனிதர் கத்தப்போகிறார், கத்தினால் அந்தக் குரல் இன்றோடு போய்விடும், அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்கிறார் என்று எனக்கு விளங்கியது. யோசிக்க அரை மணித்தியாலம் இருக்கவில்லை. ஒரு நொடிகூட இருக்கவில்லை.

"அண்டைக்குச் சஹன்ல நாலு கோழித் துண்டுதான் இரிந்திச்சு" என்றேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் விருந்துகளில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் சோறு வைத்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆறு பேருக்கு ஆறு துண்டு இறைச்சியாவது இருக்கவேண்டும். நிச்சயத்தன்று கைருன்னிஸா வீட்டில் வைத்த சஹனில் நாலுதான் இருந்தது. எண்ணாதவர் இல்லை, சொன்னவரும் இல்லை. இந்தக் கரையோரத்தில் ஒரு வீட்டைப் பற்றி எதையும் பேசலாம், பிள்ளைகள் உருப்படமாட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். விருந்து வைத்தவரின் முகத்துக்கு நேரே சஹனில் இறைச்சி போதாது என்று சொன்னவனை நான் அதுவரை கண்டதில்லை.

"என்ன சென்னீங்க?" என்றார் கைருன்னிஸா.

என் குரல் ஆட்டுக்குட்டியின் குரல் போல வந்தது. இருந்தாலும் வந்தது. "ஆறு பேருக்கு நாலு துண்டு. அதிலயும் ரெண்டு லாபிர் நானாட வயித்துக்குள்ள போச்சி. நான் பக்கத்தில இரிந்தன். எனக்கு வந்தது ஒரு கருவேப்பில."

லாபிர் நானா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். கைருன்னிஸா எழும்பினார், தங்கைகள் எழும்பினார்கள். நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுதிவைத்த எந்த உதாரணத்திலும் சீண்டல் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ஆனால் அந்த உதாரணங்களில் அடி வாங்குகிறவன் நானாக இருந்ததும் இல்லை.

"யாரப் பாத்து என்ன கதைக்கிறா?" கைருன்னிஸாவின் விரல் என் மூக்குக்கு நேரே வந்தது. "ஓலக் கொட்டில்ல கெடந்த அகதி! நிவாரண அரிசி திண்ட வாய்க்குக் கோழி கேக்குதா? ஒன்ட உம்மா பானையத் தூக்கிட்டு லைன்ல நிண்டத நாங்க பாக்கல்லயா?"

"வீட்டோட வந்து ஒட்டின அட்ட" என்றாள் ஒரு தங்கை.

"ஜப்பார் நானா, இந்த நாயையா நீங்க மருமகனெண்டு வச்சிரிக்கிறீங்க?" என்றார் லாபிர் நானா.

விழுந்தது ஒவ்வொன்றும் பட்டது. ஆனாலும் நிறுத்தக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. "கறியில கெழங்குதான் கூட" என்றேன். "அச்சாறும் பழசு." அச்சாறு உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. அதற்காக இன்றுவரை அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு வருகிறேன்.

கத்திக் கத்திக் கைருன்னிஸாவுக்கு மூச்சு வாங்கியது. அவர் மூச்சை இழுத்த அந்தச் சின்ன இடைவெளியில்தான் நான் கவனித்தேன், ஹஃபீலா அவளுடைய இடத்தில் இல்லை. எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்த நேரத்தில் அவள் எழும்பி உள்ளே போய் வந்திருக்கிறாள். கையில் மோதிரப் பெட்டி.

"மாமி" என்றாள்.

கைருன்னிஸா திரும்பினார்.

"எனக்கு இந்தக் கலியாணம் வாணாம். நான் மிட்வைஃப் வேலைக்குப் போகப் போறன்." குரல் சின்னதுதான். ஆனால் மின்விசிறிக்குக் கீழே நின்ற எனக்குக் கேட்டது, லாபிர் நானாவுக்கும் கேட்டது. "மச்சான் கதைச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கன். ஆனா நான் செல்றது என்ட கத. எனக்கு வாணாம்." பெட்டியைக் கைருன்னிஸாவின் கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டாள்.

"மூணாந்தரம் நான் இன்னும் கேக்கல்ல" என்றார் லாபிர் நானா.

"கேளுங்க" என்றாள் ஹஃபீலா.

அவர் கேட்கவில்லை. கைருன்னிஸா பெட்டியைக் கைப்பைக்குள் போட்டார். இந்த வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டோம் என்றார். போகிற போக்கில், அகதிக்குப் பெண் கொடுத்த வீட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று வீதிக்குக் கேட்கும்படி சொன்னார். வட்டிலப்பத்தை யாரும் தொட்டிருக்கவில்லை.

அவர்கள் போனதும் ஹஃபீலா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள், சிரிக்கவும் செய்தாள். அக்கீலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள். கலியாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தளபதி அந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கவேண்டும். நானோ பின்கதவால் வெளியே ஓடிப்போய், வாழை மரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டு, கிணற்றடியில் கிடந்த தென்னங்குற்றியில் உட்கார்ந்தேன்.

சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நிவாரண அரிசி என்ற சொல் போகவில்லை. உம்மா அந்த அரிசியைச் சுளகில் போட்டு மணிக்கணக்காகக் கல் பொறுக்குவார். எங்களுக்குப் பல்லில் கல் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார். அந்த உம்மாவை நான்தான் இன்று நாலு பேர் வாயில் போட்டேன். அது எனக்கு மிகவும் நொந்தது.

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொப்பியை எடுத்து வந்திருந்தார், ஆனால் திறக்கவில்லை.

"மாமா, தொண்ட நல்லா இரிக்கா?" என்றேன். தலையை ஆட்டினார்.

பிறகு எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆறு வருஷம் மாமா. எனக்காக வாயத் தொறந்து, வந்த போன எல்லார்ட்டயும் ஏச்சு வாங்கினீங்க. உங்கட சொந்த ஆக்களே உங்களக் கேவலமாக் கதைச்சாங்க. நானும் மனசுக்குள்ள அப்படித்தான் கதைச்சன். உங்களுக்கு நோகல்லயா?"

அவர் கொப்பியை மடியில் விரித்தார். பேனையை இறுக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாக, மூக்கு தாளில் படுமளவுக்குக் குனிந்து எழுதினார். இல்லை என்றுதான் எழுதுவார் என்று நினைத்தேன். அவர் உடம்பு அப்படி, அவர் குரல் அப்படி, அவரை எதுவும் தொடாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எழுதி முடித்துக் கொப்பியை என் பக்கம் நீட்டினார்.

"ஓம் நொந்திச்சு. உங்களுக்கு?"

"ஓம் மாமா" என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு என் பிடரியில் கையை வைத்தார். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.